கொழுகொழு குட்டியும் வீங்கிய முழங்காலும்

போன மாதம் ராயக்கோட்டைப் பக்கமிருந்து ஒருவர் எட்டு மாதக் குதிரைக்குட்டியை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். உருண்டு திரண்ட உடம்பு, பார்க்க அழகுதான். ஆனால் இரண்டு முன்னங்கால்களிலும் முழங்காலுக்குச் சற்று மேலே, உள்பக்கமாக வீக்கம். அழுத்தினால் காலை இழுத்துக்கொண்டது.

"எங்கயோ இடிச்சுக்கிச்சு சார். எண்ணெய் போட்டு நீவினா போதுமா?"

இரண்டு காலிலும் ஒரே இடத்திலா இடித்துக்கொள்ளும்? என்ன தீவனம் என்று கேட்டேன். மூன்று மாதத்துக்கு முன் எலும்பும் தோலுமாக வாங்கினாராம். சீக்கிரம் தேற்ற வேண்டுமென்று வேளைக்கு வேளை கொள்ளும் கோதுமைத் தவிடும். பச்சைக்கு, மாட்டுக்கு வெட்டும் கோ-4 புல். சரி, விடை கிடைத்துவிட்டது.

குதிரைக்குட்டி ஆறு மாதத்திலேயே முழு உயரத்தில் ஐந்தில் நாலு பங்கைத் தாண்டிவிடும். எடையோ பாதியைத்தான் நெருங்கியிருக்கும். எலும்பு நீள்வது அதன் முனையில் உள்ள குருத்தெலும்புத் தட்டில். முழங்காலுக்கு மேலிருக்கும் தட்டு முழுதாக இறுக இரண்டு வயதுக்கு மேல் ஆகும். காயப்போட்டு வளர்ந்த குட்டிக்குத் திடீரென்று தீவனத்தைக் கொட்டினால் உடம்பு ஒரேயடியாக ஏறும். அந்தப் பாரம் இறுகாத தட்டில் இறங்கும்.

தவிட்டில் இன்னொரு வில்லங்கம். அதில் பாஸ்பரஸ் மிக அதிகம், கால்சியம் சொற்பம். வளரும் குட்டிக்கு இது தலைகீழாக, கால்சியம்தான் கூடுதலாக இருக்க வேண்டும். கோ-4 போன்ற நேப்பியர் புல்லில் உள்ள ஆக்சலேட் என்ற பொருள், இருக்கிற கால்சியத்தையும் குடலில் பிடித்துவைத்துக்கொள்ளும். மாட்டின் முதல் வயிற்று நுண்ணுயிர்கள் ஆக்சலேட்டைச் சிதைத்துவிடும். குதிரைக்கு அந்த வசதி இல்லை. மாட்டுக்கு ஆகிறதே என்று குதிரைக்கும் போடுவதை நம் பக்கத்தில் அடிக்கடி பார்க்கிறேன்.

தவிட்டை நிறுத்தி, கொள்ளைக் குறைத்து, உலர்புல்லோடு அளவாகக் குதிரைமசால் என்ற பசுந்தீவனம் போடச் சொன்னேன். பெயரிலேயே குதிரை இருக்கிறது, கால்சியமும் நிறைய. தாது உப்புக் கலவை கொஞ்சம். குளம்பைச் சமமாகச் சீவிவிட்டேன். வீக்கம் வடியும்வரை சிறிய வேலிக்குள் மெதுவாக நடந்தால் போதும், ஓட்டம் கூடாது. அதற்காகப் பட்டினி போடவும் கூடாது. திரும்பத் தீனி ஏறும்போது அதே கதைதான். எடை எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று தெரிய, மாதம் ஒருமுறை மார்புச் சுற்றை டேப்பால் அளந்து குறித்து வரச் சொல்லியிருக்கிறேன்.

கிளம்பும்போது, "வர்ற பொங்கலுக்கு ரேக்ளாவுல பூட்டலாமா சார்?" என்றார்.

குட்டியின் வாயைத் திறந்து காட்டினேன். "எல்லாம் பால்பல்லுண்ணா. நடுப்பல் விழுந்து முளைக்கவே ரெண்டரை வயசாகும். அப்புறமா வாங்க, பேசலாம்."