கறிவேப்பிலையில் நகரும் எச்சம்

போன மாதம் வடவள்ளியிலிருந்து ஒரு அக்கா கூப்பிட்டார். "தம்பி, அறுநூறு ரூபா கொடுத்து ஆன்லைன்ல பட்டர்ஃபிளை புஷ் வாங்கி வச்சேன். ஒரு பட்டாம்பூச்சியும் எட்டிப் பாக்கல. செடியும் வாடுது, வந்து பாருங்க."

போனேன். மொட்டைமாடித் தொட்டியில் இலையெல்லாம் தொங்கிப்போய் நின்றது. மண்ணில் விரலை விட்டால் ஒரே சேறு, வேர் அழுகிவிட்டது. வாடுகிறதே என்று அக்கா இன்னும் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்.

கிளம்பும்போதுதான் வாசலோரக் கறிவேப்பிலையைக் கவனித்தேன். கொழுந்து இலையில் காக்கா எச்சம் மாதிரி ஒன்று, மெல்ல நகர்ந்தது. "அத ஏன் கேக்கறீங்க, வாராவாரம் வேப்பெண்ணெய் அடிக்கிறேன், திரும்பத் திரும்ப வருது" என்றார் அக்கா.

மாடியில் பட்டாம்பூச்சிக்கு அழைப்பு, வாசலில் அதன் பிள்ளைகளுக்கு மருந்து. நர்சரி தொழிலில் நான் போகிற வீடுகளில் பாதிக்கு மேல் இதே கதைதான்.

முதலில் அந்தச் செடியைச் சொல்லிவிடுகிறேன். பட்லியா என்பது அதன் பெயர். கடைகளில் அதிகம் விற்கிற ஊதாப்பூ ரகம் சீனாவின் மலைப்பகுதியைச் சேர்ந்தது. ஊட்டி, கோத்தகிரி, கொடைக்கானல்காரர்கள் தாராளமாக வைக்கலாம். நாள் முழுக்க வெயில், தண்ணீர் தேங்காத மண், கொஞ்சமாக எரு, இது போதும். புதுக்கிளையில்தான் பூக்கும் என்பதால் குளிர் முடிந்ததும் முழங்கால் உயரத்துக்குத் தயங்காமல் வெட்டிவிடுங்கள். பூங்கொத்து காய்ந்ததும் நறுக்கிவிடுங்கள், விதை விழவே கூடாது. பிரிட்டனில் ரயில் தண்டவாளம், இடிந்த சுவர் என்று எங்கும் முளைத்துக் கிடக்கிறது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் அதைக் களைப் பட்டியலிலேயே சேர்த்துவிட்டது. அழகுக்காக வந்த உண்ணிச்செடி முதுமலையையும் சத்தியமங்கலத்தையும் மூடிக் கிடப்பதைப் பார்த்த நமக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. கோவையில் நானே மூன்று தடவை வைத்துப் பார்த்தேன். சித்திரை வெயிலில் இலை சுருங்கியது, ஐப்பசி மழையில் வேர் போனது. சமவெளிக்காரர்கள் அந்தப் பணத்தை மிச்சம் பிடிக்கலாம்.

அதைவிட முக்கியமான விஷயம், பட்லியா பூ தேன் மட்டும்தான் கொடுக்கும். தேன் குடிக்க வருகிற பூச்சி குடித்துவிட்டுப் போய்விடும். உங்கள் வீட்டிலேயே தங்கி முட்டையிட வேண்டுமானால் புழு தின்கிற இலை அங்கே இருக்க வேண்டும்.

கறிவேப்பிலையையும் எலுமிச்சையையும் தேடி வருகிற வண்ணத்துப்பூச்சியை ஒருநாள் உட்கார்ந்து பாருங்கள். முன்கால்களால் இலையைத் தட்டித் தட்டி ருசி பார்க்கும். சரியான இலைதான் என்று தெரிந்தால் கடுகைவிடச் சின்னதாக, வெளிர்மஞ்சளில் ஒற்றை முட்டை. அதிலிருந்து வருவதுதான் நான் பார்த்த 'எச்சம்'. பறவை தொடாமலிருக்க அந்த வேஷம். கடைசித் தோலை உரித்ததும் பச்சையாகிவிடும். லேசாகத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து பாம்பு நாக்கு மாதிரி செந்நிறக் கொம்பை நீட்டும், குப்பென்று வாடை அடிக்கும். பயப்பட வேண்டாம், நம்மை ஒன்றும் செய்யாது.

"வேப்பெண்ணெய் இயற்கைதானே?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். இயற்கைதான். ஆனால் புழு தோலுரிப்பதைத் தடுப்பதுதான் வேம்பின் வேலையே. சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சிக்கு அடித்தாலும் அது பட்ட இலையைத் தின்கிற புழு பட்டாம்பூச்சியாகாமலே செத்துப்போகும். ரசாயன மருந்தில் இன்னொரு ஆபத்து: இமிடாகுளோபிரிட் மாதிரியானவை செடிக்குள்ளேயே ஊறி, பூந்தேன் வரைக்கும் போகும். எங்கள் தொழிலில் அதை அடித்துப் பளபளவென்று விற்பவர்கள் உண்டு. வாங்கும்போதே என்ன மருந்து அடித்தீர்கள் என்று கேளுங்கள். முகம் சுளித்தால் வேறு கடைக்குப் போங்கள்.

அக்காவிடம் சொன்னது இதுதான்: கறிவேப்பிலை இரண்டு வையுங்கள், ஒன்று சமையலுக்கு, ஒன்று புழுவுக்கு. வேலியோரம் ஒரு எருக்கு இருந்தால் வெந்தய வரியன் பட்டாம்பூச்சி வரும். பால் கண்ணில் படக்கூடாது, குழந்தைகள் இருந்தால் வேண்டாம். கிலுகிலுப்பை காய்ந்தாலும் பிடுங்காதீர்கள், நீல வரியன்களில் ஆண்கள் அந்தக் காய்ந்த தண்டைத் தேடி வந்து உறிஞ்சும். தேனுக்கு இட்லிப்பூ போதும். ("தமிழ் மறவன் வருமா தம்பி?" என்றார். 2019-ல் மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவித்தது அது. மலைக்காட்டுப் பூச்சி அக்கா, மாடிக்கு வராது.)

நேற்று வாட்ஸப்பில் போட்டோ வந்தது. கறிவேப்பிலைச் செடி மொட்டைக் குச்சியாக நிற்கிறது, காம்பில் நூல் கட்டிக்கொண்டு ஒரு பச்சைக் கூட்டுப்புழு. கீழே எழுதியிருந்தார்: "ரெண்டாவது செடியையும் தின்னுடுச்சு தம்பி. சாம்பாருக்குக் கடையில வாங்கிக்கிட்டேன்."