வக்கீல்: பொறுப்பேற்றவரும் வழக்குரைப்பவரும்

புகழ்பெற்ற நடிகர் ஒருவர் கொலை வழக்கில் சிக்கினால், குற்றஞ்சாட்டப்பட்டவரைவிட அவருக்காக வாதாடுபவர் மீதுதான் கீழக்கரைத் தேநீர்க் கடைகளில் அதிக ஏச்சு விழுகிறது. 'இவருக்குப் போய் வக்காலத்து வாங்குகிறாரே' என்பார்கள். அந்த ஏச்சில் உள்ள சொல்லே ஏச்சுக்கு மறுமொழியும் சொல்கிறது.

வக்கீல் என்பது அரபுச் சொல். ஒரு காரியத்தை நம்பி ஒப்படைப்பது என்னும் பொருளுள்ள வேரிலிருந்து பிறந்ததால், ஒப்படைக்கப்பட்ட பொறுப்பை ஏற்றவர் என்பதே அதன் நேர்ப்பொருள். இறைவனின் திருநாமங்களுள் ஒன்றான 'அல்வக்கீல்' என்பதிலும் இப்பொருளே உண்டு. பாரசீகம் வழியாக ஆட்சி மொழியில் நுழைந்தபோது, தலைவனின் சார்பில் வேறோர் அவையில் பேசும் முகவரை அது குறித்தது. பின்னர் நீதிமன்றத்துக்கு வந்தது. அந்த ஒப்படைப்பைச் செய்யும் பத்திரமே வக்காலத்து. இராமநாதபுரக் கடற்கரை ஊர்களில் மூலப்பொருள் இன்றும் மங்கவில்லை: நிக்காஹ்வில் மணமகளின் சம்மதத்தைக் கேட்டு வந்து, அவள் சார்பில் சபையில் சொல்பவருக்கும் வக்கீல் என்றே பெயர்.

ஆகவே வக்கீல் என்பவர் தீர்ப்பளிப்பவர் அல்லர். தம்மை நம்பியவரின் குரலாக நிற்பவர். 1944இல் பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொல்லப்பட்ட வழக்கில் நடிகர்கள் எம். கே. தியாகராஜ பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும் தண்டிக்கப்பட்டனர், அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்ற அவ்வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்கே திரும்பி வந்து, 1947இல் இருவரும் விடுதலையாகும்வரை, இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக அவர்கள் சிறையில் இருந்தார்கள். அவர்களுக்காக வாதாடுவது அடாத செயல் என்று எல்லாரும் ஒதுங்கியிருந்தால் அந்த விடுதலை கிடைத்திராது. தாம் விரும்பும் வழக்கறிஞரைக் கொண்டு வாதாடும் உரிமையை அரசமைப்புச் சட்டத்தின் 22ஆம் பிரிவு, கைதானவருக்குத் தருகிறது. நடிகருக்கு ஒன்று, நம் ஊர் மீனவருக்கு ஒன்று என்று அது பிரித்துச் சொல்லவில்லை.

தமிழில் இரண்டு சொற்கள் வழங்குகின்றன. வழக்கறிஞர் என்றால் வழக்கை அறிந்தவர். வழக்குரைஞர் என்றால் வழக்கை எடுத்துரைப்பவர். முன்னதே பெருவழக்கு என்றாலும், பின்னதே பொருத்தம் என்பது என் துணிபு, ஏனெனில் அறிவு நீதிபதிக்கும் வேண்டும், பிறர் சார்பில் உரைப்பதோ இவருக்கே உரிய தொழில். அச்சொல்லுக்குச் சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையிலேயே வேர் இருக்கிறது. கோவலன் உயிரோடிருந்தபோது அவனுக்காகப் பேச அவையில் எவரும் இல்லை. கண்ணகி வழக்குரைத்தது அவன் வெட்டுண்ட பிறகுதான்.

நீதிமன்றத்தில் வழக்குரைஞர் என்றே எழுதலாம். நிக்காஹ் சபையில் வக்கீல் வக்கீலாகவே இருக்கட்டும். அங்கே உரைப்பதற்கு வழக்கு ஏதும் இல்லை.