ஸ்கேன் எடுத்தாச்சு, இனி இடிக்கலாமா?

"ஒரு லேசர் ஸ்கேன் மட்டும் எடுத்துக் கொடுத்துடுங்க சார். எல்லாம் பதிவாகிட்டா உறுத்தல் இல்லாம இடிச்சிடலாம்." பழைய கட்டடங்களைச் சீரமைக்கும் தொழிலில் இருக்கும் எனக்கு இப்படி அழைப்பு வருவது புதிதல்ல. போன வாரம் இன்னொன்று. பேசியவர் கெட்டவர் இல்லை. கணினித் திரையில் கட்டடம் சுழல்வதைப் பார்த்ததும் அது பிழைத்துவிட்டதாக மனதார நம்புகிறார். எனக்குப் பயமே அந்த நம்பிக்கைதான்.

ஸ்கேனர் லேசர் ஒளியை வீசி அளப்பது மேற்பரப்பை. கோடிக்கணக்கில் புள்ளிகள், மில்லிமீட்டர் கணக்கில் துல்லியம், எல்லாம் சரி. சுவருக்குள் செங்கலை எந்த முறையில் அடுக்கியிருக்கிறார்கள், காரையில் எவ்வளவு சுண்ணாம்பு, சுவருக்குள் புதைந்திருக்கும் உத்தரத்தின் முனை செல்லரித்திருக்கிறதா என்றெல்லாம் அதற்குத் தெரியாது. பொய்க்கூரைக்கு மேலே நாம் ஏணி வைத்து ஏறாவிட்டால் அதுவும் ஏறாது. எக்ஸ்ரே கையில் இருக்கிறது, இனி ஆள் எதற்கு என்று எந்த டாக்டராவது கேட்பாரா?

உடனே எல்லோரும் பாரிஸின் பழைய தேவாலயமான நோத்ர தாமைக் காட்டுவார்கள். அதையே பார்ப்போம். 2019 ஏப்ரல் 15-ஆம் தேதி தீயில் கூரையும் கோபுர ஊசியும் போயின. கலை வரலாற்றாசிரியர் ஆண்ட்ரூ டாலன் முன்பே எடுத்து வைத்திருந்த லேசர் ஸ்கேன் பேருதவியாக இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் எரிந்த ஓக் மரச்சட்டத்தைத் திரும்பச் செய்ய வழிகாட்டியவற்றில், இரண்டு கட்டடக் கலைஞர்கள் 2014-இல் கூரைக்குள் ஏறி ஒவ்வொரு மரமாக அளந்து வரைந்த வரைபடங்களும் உண்டு. அதைச் செய்து முடிக்கக் கோடரியால் பச்சை ஓக் மரத்தைச் செதுக்கத் தெரிந்த தச்சர்கள் இருந்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, சுவர்கள் நின்றுகொண்டிருந்தன! 2024 டிசம்பரில் கதவு திறந்தது இத்தனையும் சேர்ந்ததால். ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ கலைப்பள்ளியின் மேக்கின்டாஷ் கட்டடத்தை யாரும் எனக்குக் காட்டுவதில்லை. 2014-இல் ஒரு தீ, சீரமைப்பு நடக்கும்போதே 2018-இல் அதைவிடப் பெரிய தீ. அதற்கும் ஸ்கேன் பதிவு இருந்தது; தீயை அது தடுக்கவில்லை.

சரி, கோப்பாவது நிலைக்குமா? 1086-இல் இங்கிலாந்தில் நிலம், உடைமைகளைக் கணக்கெடுத்து எழுதிய டூம்ஸ்டே ஏட்டை இன்றும் படிக்கலாம். அதன் 900-ஆம் ஆண்டையொட்டி பிபிசி 1986-இல் லேசர் தட்டில் ஒரு புதிய டூம்ஸ்டே தயாரித்தது. பதினைந்து வருடம் போவதற்குள் அந்தத் தட்டைப் படிக்கும் கருவி கிடைப்பதே குதிரைக்கொம்பாகி, மீட்க ஒரு தனி முயற்சி தேவைப்பட்டது. உங்கள் ஸ்கேன் எந்த ஹார்ட் டிஸ்கில் இருக்கிறது? அந்த மென்பொருளின் உரிமத்தை யார் புதுப்பிக்கிறார்கள்? இதைக் கேட்டால் மறுமுனையில் சத்தமே இருக்காது.

இன்னொரு கூத்து, முகப்பை மட்டும் விட்டுவிட்டு உள்ளே முழுசாகக் குடைந்தெடுப்பது. வெளியே வண்ண விளக்கு, வாசலில் ஒரு கியூஆர் பலகை. போனில் அதை ஸ்கேன் செய்தால் பழைய கட்டடத்தின் படம் வருகிறது. படத்தில் இருக்கும் மரப்படிக்கட்டு உள்ளே இல்லை. காட்சிப்படம் செய்யும் இளைஞர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: காணாமல்போன பால்கனியை உங்கள் கற்பனையில் வடித்து 'அசல் தோற்றம்' என்று போடாதீர்கள். ஊகம் எங்கே தொடங்குகிறதோ அங்கே சீரமைப்பு நிற்க வேண்டும் என்று பழைய கட்டடப் பாதுகாப்புக்கான சர்வதேச நெறியான 1964 வெனிஸ் சாசனமே சொல்லிவிட்டது. ஊகத்தை வேறு நிறத்தில் காட்டினால் என்ன குறைந்துவிடும்?

டிஜிட்டல் கருவிகள் வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. தினமும் அவற்றோடுதான் வேலை. விரிசல் விரிகிறதா, சுவர் சாய்கிறதா என்று பார்க்க, ஆண்டுக்காண்டு எடுத்த ஸ்கேன்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்ப்பதைவிட நல்ல வழி கிடையாது. லிஃப்ட், ஏசி குழாய் எல்லாம் பழைய சுவரைத் தொடாமல் எப்படிப் போகும் என்பதைக் கொத்துவதற்கு முன்னால் திரையிலேயே தீர்த்துக்கொள்ளலாம். புதிதாகச் சேர்ப்பதை, நாளைக்கு ஒருவர் கழற்றினால் பழையது சேதமில்லாமல் இருக்கும்படி சேருங்கள். அவ்வளவுதான் வடிவமைப்பு விதி.

கையில் பழைய கட்டடம் வைத்திருப்பவர்களுக்கு: ஸ்கேன் எடுப்பவரிடம் மூலத் தரவையும் கேட்டு வாங்குங்கள், சுழலும் வீடியோ மட்டும் போதாது. ஒரே மென்பொருளை நம்பியிராத திறந்த வடிவக் கோப்பாக இரண்டு இடங்களில் வையுங்கள். தரைப்படம், வெட்டுத்தோற்றங்களைத் தாளில் அச்சிட்டு வையுங்கள். போட்டோ எடுக்கும்போது பக்கத்தில் ஓர் அளவுகோல் வைக்க மறக்காதீர்கள். இதற்கெல்லாம் முன்பாகக் கூரை ஒழுகலை அடையுங்கள், மழைநீர்க் குழாயில் முளைத்த செடியைப் பிடுங்குங்கள். சுண்ணாம்புச் சுவருக்கு சிமென்ட் பூச்சு மட்டும் வேண்டாம், தயவுசெய்து. ஈரம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, செங்கல் பொரிந்து கொட்டிய பிறகு என்னைக் கூப்பிட்டால், அப்போது நான் எடுக்கும் ஸ்கேனில் பதிவாவது அந்தப் பொரிந்த சுவர்தான்.