எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும்: மாவட்ட அரசு இசைப்பள்ளியில் யார் சேரலாம்?

ஒவ்வோர் ஆண்டும் பள்ளிக்கூடம் திறக்கும் சமயத்தில் செய்தித்தாளின் உள்பக்கத்தில் ஒரு சின்ன அறிவிப்பு வரும். 'மாவட்ட அரசு இசைப்பள்ளியில் மாணவர் சேர்க்கை' என்று இருக்கும். பாட்டு கற்க வசதியிருக்கிற வீட்டுப் பிள்ளைகளுக்கான சமாசாரம் என்று பெரும்பாலானவர்கள் புரட்டிவிட்டுப் போய்விடுவார்கள். உண்மையில் அந்த அறிவிப்பு அதிகம் உதவக்கூடியது, எட்டாவதோடு படிப்பை விட்டுவிட்டு ஒர்க் ஷாப்பிலோ மளிகைக் கடையிலோ நிற்கிற பையனுக்குத்தான்.

தமிழ்நாடு அரசின் கலை பண்பாட்டுத் துறை 17 இடங்களில் இந்தப் பள்ளிகளை நடத்துகிறது. சேலம், திருநெல்வேலி, விழுப்புரம், ராமநாதபுரம், சீர்காழி என்று பட்டியல் நீளும். குரலிசை, நாதஸ்வரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் ஆகிய ஏழும் சொல்லித்தருகிறார்கள். படிப்பு மூன்று ஆண்டு. வயது 12 முதல் 25 வரை.

தகுதியில்தான் விஷயம் இருக்கிறது. குரலிசை, பரதம், வயலின், மிருதங்கத்துக்கு ஏழாம் வகுப்புத் தேர்ச்சி கேட்பார்கள். நாதஸ்வரம், தவில், தேவாரம் மூன்றுக்கும் தமிழில் எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும். மார்க் ஷீட் இல்லை, பாதியில் நின்றுவிட்டான் என்பதெல்லாம் அங்கே தடையே இல்லை.

சாதி நிபந்தனையும் கிடையாது. இதைத் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. நாதஸ்வரமும் தவிலும் தலைமுறை தலைமுறையாகச் சில குடும்பங்களுக்குள்ளேயே அப்பாவிடமிருந்து மகனுக்கு, மாமாவிடமிருந்து மருமகனுக்கு என்று போன வித்தைகள். வெளியில் இருக்கும் பையன் ஆசைப்பட்டாலும் வாத்தியார் கிடைப்பது பெரும்பாடு. அரசு இசைப்பள்ளியில் விண்ணப்பம் கொடுத்தால் வாத்தியார் கிடைக்கிறார்.

பணக் கணக்கு இதுதான். ஆண்டுக் கட்டணம் 350 ரூபாய் அளவில் இருக்கும். மாணவருக்கு மாதம் 400 ரூபாய் உதவித்தொகை தருகிறார்கள். பேருந்துக்கு இலவசப் பயண அட்டை உண்டு. வெளியூர்ப் பிள்ளைகள் அரசு மாணவர் விடுதியில் தங்கலாம். 400 ரூபாய் இன்றைக்கு ஒரு நாள் சித்தாள் கூலிக்குக்கூடக் காணாது என்பதையும் சொல்லியாக வேண்டும். வேலைக்குப் போனால் வீட்டுக்கு வரும் காசை நிறுத்திவிட்டு மூன்று வருஷம் ஒரு பையனை அனுப்புவது ஏழை வீட்டுக்கு லேசான முடிவில்லை.

அப்புறம் கருவி. தவில் கற்பவன் முதலில் பலகையிலோ கல்லிலோ கழியால் தட்டித்தான் கை பழகுவான், அதற்குச் செலவில்லை. பிறகு பலாமரத்தில் கடைந்த தவில் வேண்டும், இடது கைக்குப் பூவரசங்கழி வேண்டும், வலது கை விரல்களுக்குத் துணியும் பசையும் சுற்றிக் காயவைத்த கூடுகள் வேண்டும். நாதஸ்வரம் என்றால் கும்பகோணம் பக்கம் நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் செய்கிறார்கள். 2022இல் புவிசார் குறியீடு பெற்ற கருவி அது. வாங்கியதோடு முடியாது, வாயில் வைத்து ஊதும் சீவாளியை அவ்வப்போது மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். சேரும்போதே தலைமையாசிரியரிடம் 'பள்ளிக் கருவியில் பழகலாமா, எதுவரை?' என்று கேட்டுவிடுங்கள். பின்னால் தொழிலுக்கு வந்து, நாட்டுப்புறக் கலைஞர்கள் நலவாரியத்தில் பதிவு செய்திருந்தால், கருவி வாங்க 10,000 ரூபாய் உதவி தரும் திட்டம் இயல் இசை நாடக மன்றத்தில் இருக்கிறது. ஆனால் கற்கிற காலத்தில் அது கைக்கு வராது.

சரி, முடித்தால் என்ன கிடைக்கும்? அறநிலையத் துறைக் கோயில்களில் நாதஸ்வரம், தவில் பணிக்கு ஆள் எடுக்கும்போது தமிழில் எழுதப் படிக்கத் தெரிவதும், அரசோ சமய நிறுவனமோ நடத்தும் இசைப்பள்ளியின் சான்றிதழும் கேட்கிறார்கள். எல்லோருக்கும் வேலை கிடைத்துவிடாது. அந்தச் சான்றிதழ் இல்லாதவர் நன்றாக வாசித்தாலும் அந்த வரிசையில் நிற்க முடியாது என்பதுதான் கணக்கு. கல்யாண முகூர்த்தங்கள், திருவிழாக் கச்சேரிகள் தனி. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இருக்காது, வருமானம் ஒரே சீராக வராது. அதையும் தெரிந்துகொண்டே இறங்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. வகுப்பு காலை 10 முதல் மாலை 4 வரை, முழுநேரம். வயது வரம்பு 12 என்று போட்டிருப்பதைப் பார்த்து, ஒழுங்காகப் பள்ளிக்குப் போய்க்கொண்டிருக்கும் ஏழாம் வகுப்புப் பிள்ளையை நிறுத்திவிட்டு இங்கே சேர்க்காதீர்கள். 14 வயது வரை பள்ளிக் கல்வி அந்தப் பிள்ளையின் சட்டப்படியான உரிமை. இசைப்பள்ளி 25 வயது வரை காத்திருக்கும்.

பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்கு வேறு வழிகள் இருக்கின்றன. அதே துறையின் ஜவகர் சிறுவர் மன்றங்களில் 5 முதல் 16 வயது வரை பாட்டு, நடனம், ஓவியம் எல்லாம் வார இறுதியில் குறைந்த கட்டணத்தில் கற்கலாம். மத்திய அரசின் கலாசார வளங்கள் மற்றும் பயிற்சி மையம் (CCRT) 10 முதல் 14 வயதுப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்துக் கலை பயில உதவித்தொகை தருகிறது. நாடு முழுக்க 650 இடங்கள். அதில் 125 பரம்பரைக் கலைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு. கூத்து, பொம்மலாட்டக் குடும்பங்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்பதுதான் என் சந்தேகம்.

சேர்க்கைக்கு இசைப்பள்ளிக்கே நேரில் போய் விண்ணப்பம் வாங்கலாம். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள். வாசலில் நின்று பத்து நிமிஷம் தவில் வகுப்பைக் கேட்டால், அவனுக்கு இது வேண்டுமா வேண்டாமா என்பது அவன் முகத்திலேயே தெரிந்துவிடும்.