டெக்சஸ் பள்ளிகளின் ஏ, பி, சி: அந்த ஓர் எழுத்துக்குள் என்ன இருக்கிறது?

டெக்சஸ் மாநிலத்தில் வழக்கமாக ஆகஸ்ட் மாதம், பள்ளி திறக்கிற சமயத்தில், ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும் பள்ளி மாவட்டத்துக்கும் மாநிலக் கல்வி முகமை ஓர் எழுத்தை அறிவிக்கிறது. 90 முதல் ஏ, 80 முதல் பி, 70 முதல் சி, 60 முதல் டி, அதற்குக் கீழே எஃப். ஃபிரிஸ்கோ, பிளேனோ, கேட்டி, ரவுண்ட் ராக் பக்கம் வீடு தேடுகிற தமிழ்க் குடும்பங்களில் பல, இந்த எழுத்தை வைத்தே தெருவை முடிவு செய்கின்றன. முப்பது வருடக் கடனுக்குக் கையெழுத்துப் போடுகிறவர்கள் அந்த எழுத்து எந்தக் கணக்கிலிருந்து வந்தது என்பதையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். ஏ வாங்கிய பள்ளிகள் எல்லாம் ஒரே மாதிரியானவை அல்ல. சி வாங்கியதாலேயே ஒரு பள்ளி மட்டமாகிவிடுவதும் இல்லை.

இங்கே பள்ளி மாவட்டம் என்பது நம் ஊர் வருவாய் மாவட்டம் போன்றதல்ல. அது தனியாகச் சொத்து வரி விதிக்கும். தேர்தலில் வென்ற அறங்காவலர் குழு அதை நடத்தும். நகர மேயருக்குக் கட்டுப்படாது. டெக்சஸில் இப்படி ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாவட்டங்கள் உண்டு. ஒரே நகரத்துக்குள் இரண்டு மூன்று மாவட்டங்களின் எல்லை ஓடலாம். எதிர்வரிசை வீட்டுப் பிள்ளை வேறு மாவட்டப் பள்ளிக்குப் போவது இங்கே சாதாரணம்.

மதிப்பீட்டுக்கு அடிப்படை இரண்டு சட்டங்கள். 2015 டிசம்பரில் கையெழுத்தான கூட்டாட்சிச் சட்டம், 3 முதல் 8 வரையிலான வகுப்புகளில் ஆண்டுதோறும் வாசிப்பு, கணிதத் தேர்வும், உயர்நிலைப் பள்ளியில் ஒருமுறையும் நடத்தி, முடிவுகளை மாணவர் பிரிவுவாரியாகப் பொதுமக்களுக்கு வெளியிட வேண்டும் என்கிறது. எழுத்து மதிப்பீட்டின் இன்றைய வடிவத்தை டெக்சஸ் சட்டமன்றம் 2017இல் நிறைவேற்றியது. மாவட்டங்களுக்கு 2018இலும் தனித்தனிப் பள்ளிகளுக்கு 2019இலும் முதல்முறை எழுத்து வந்தது.

மூன்று பகுதிகள், ஒரு கூட்டல்

எழுத்துக்குக் கீழே மூன்று பகுதிகள் இருக்கின்றன. மாணவர் அடைவு, பள்ளி முன்னேற்றம், இடைவெளி குறைப்பு. முதல் இரண்டில் எது அதிகமோ அதை மட்டும் எடுத்து 70 விழுக்காடு எடை தருவார்கள். மீதி 30 விழுக்காடு மூன்றாவது பகுதிக்கு.

கணக்குக்காக ஒரு பள்ளியைக் கற்பனை செய்வோம். அடைவு 84, முன்னேற்றம் 92, இடைவெளி குறைப்பு 76. அடைவைத் தள்ளிவிட்டு 92இன் 70 விழுக்காட்டை எடுத்தால் 64.4. அதோடு 76இன் 30 விழுக்காடான 22.8 சேர்ந்தால் 87.2. ஆகவே பி. இதே பி எழுத்தை, அடைவு 92 வாங்கி முன்னேற்றத்தில் 78 மட்டுமே எடுத்து, இடைவெளி குறைப்பில் அதே 76 எடுத்த இன்னொரு பள்ளியும் வாங்கியிருக்கும். எழுத்தை மட்டும் பார்த்தவருக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும். உள்ளே போய்ப் பார்த்தால் ஒன்றுக்கொன்று நேர்மாறான பள்ளிகள்.

அடைவு எண் ‘ஸ்டார்’ எனப்படும் மாநிலத் தேர்விலிருந்து வருகிறது. மாணவர்களை நான்கு நிலைகளாகப் பிரிப்பார்கள்: வகுப்பின் தரத்தை எட்டாதவர், நெருங்கியவர், எட்டியவர், அதில் தேர்ந்தவர். ஒரு தொடக்கப் பள்ளியில் நெருங்கியவர்களும் அதற்கு மேலானவர்களும் சேர்ந்து 80 விழுக்காடு, எட்டியவர்களும் அதற்கு மேலும் 55, தேர்ந்தவர்கள் 27 என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்தால் 54. இது தோல்வி மதிப்பெண் அல்ல. இதை ஓர் அட்டவணைப்படி நூற்றுக்கு மாற்றிய பிறகே எழுத்து கிடைக்கும். ஆகவே அறிக்கையில் ஐம்பதுகளில் ஓர் எண்ணைப் பார்த்துப் பதற வேண்டாம்.

அடைவு எண்ணில் பள்ளியின் உழைப்பு எவ்வளவு, வீட்டின் வசதி எவ்வளவு என்று பிரிக்க முடியாது. பெற்றோர் இருவரும் பட்டதாரிகள், சாயங்காலம் தனிப்பயிற்சி, கோடையில் கணித வகுப்பு என்றிருக்கிற தெருவில் எந்தப் பள்ளியை நட்டாலும் அடைவு உயரும். அதனால்தான் நான் முதலில் தேடுவது முன்னேற்ற எண்ணை. அதிலும் அதன் முதல் பாதியான வளர்ச்சியை.

வளர்ச்சியில் ஒவ்வொரு பிள்ளையின் போன ஆண்டு நிலையையும் இந்த ஆண்டு நிலையையும் பக்கத்தில் வைப்பார்கள். மேலே ஏறினால் ஒரு புள்ளி. வகுப்பின் தரத்தை எட்டிய நிலையில் நிலைத்திருந்தாலும் ஒரு புள்ளி. அதற்குக் கீழான நிலைகளில் நகராமல் நின்றால் பெரும்பாலும் அரைப் புள்ளி. இறங்கினால் சுழியம். தேர்ந்தவராக இருந்த பிள்ளை ஒரு படி சறுக்கி ‘எட்டியவர்’ ஆனால்கூடப் பள்ளிக்கு அந்தப் பிள்ளையால் ஒரு புள்ளியும் கிடைக்காது. போன ஆண்டு தரத்தை எட்டாத பிள்ளை இந்த ஆண்டு நெருங்கிவிட்டால், பள்ளிக்குக் கூடுதலாகக் கால் புள்ளி உண்டு. பள்ளிக்குள் நுழைந்தபோது பிள்ளை எங்கே இருந்தது என்பதைக் கணக்கில் எடுத்துக்கொள்வதால், இந்த மதிப்பீட்டிலேயே நியாயமான பகுதி இது என்பேன். முன்னேற்றத்தின் இன்னொரு பாதி, வறுமை விகிதம் ஏறக்குறைய ஒத்திருக்கிற பள்ளிகளோடு இந்தப் பள்ளியை ஒப்பிடுகிறது. இரண்டில் எது அதிகமோ அதுவே முன்னேற்ற எண்ணாகும்.

சின்னப் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு விஷயம். மூன்றாம் வகுப்புக்குக் கீழே ஸ்டார் தேர்வு கிடையாது. மழலையர் வகுப்பிலிருந்து இரண்டாம் வகுப்பு வரை மட்டும் உள்ள பள்ளியை, பிள்ளைகள் அடுத்துப் போகும் பள்ளியோடு இணைத்து அதன் மதிப்பீட்டையே இதற்கும் தந்துவிடுவார்கள். அந்தப் பள்ளியின் வாசலில் தொங்கும் எழுத்து, அங்கே நடக்கும் பாடத்திலிருந்து வந்ததல்ல.

‘வீட்டில் பேசும் மொழி’ என்ற படிவம்

மூன்றாவது பகுதியான இடைவெளி குறைப்பு, சராசரிக்குள் மறைந்துபோகிற பிள்ளைகளைத் தேடுகிறது. வறிய குடும்பத்துப் பிள்ளைகள், சிறப்புக் கல்வி பெறுகிறவர்கள், ஆங்கிலம் கற்றுக்கொண்டிருப்பவர்கள் ஆகியோர் எப்படிப் படிக்கிறார்கள் என்று தனியாக அளக்கிறது. தமிழ்க் குடும்பங்களைக் கவலைப்பட வைக்கிற படிவம் வருவதும் இங்கேதான். பள்ளியில் சேர்க்கும்போது வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள் என்று கேட்பார்கள். தமிழ் என்று எழுதினால் பிள்ளைக்கு ஆங்கிலத் திறன் சோதனை நடக்கும். அதில் தேறாவிட்டால் ஆங்கிலம் கற்பவர் என்று பதிவாகி, ‘டெல்பாஸ்’ என்ற தேர்வை ஆண்டுதோறும் எழுத வேண்டும். கேட்டல், பேசுதல், வாசித்தல், எழுதுதல் என நான்கும் அதில் உண்டு. தனி வகுப்பு வேண்டாம் என்று பெற்றோர் மறுத்துவிட்டாலும், அந்தப் பட்டியலிலிருந்து பிள்ளை வெளியேறும்வரை டெல்பாஸ் தொடரும்.

இதற்குப் பயந்து ஆங்கிலம் என்று எழுதிவிடுகிறவர்கள் உண்டு. அப்படி எழுத வேண்டாம். அந்தப் பதிவு பிள்ளையின் அறிவைப் பற்றிய தீர்ப்பு அல்ல. உதவி தேவைப்படும் பிள்ளைக்கு அந்த உதவியைப் பள்ளி சட்டப்படி தர வேண்டும் என்பதற்கான ஆவணம் அது. அந்தப் பிள்ளைகள் எவ்வளவு வேகமாக ஆங்கிலத்தில் முன்னேறுகிறார்கள் என்பது பள்ளியின் மதிப்பீட்டிலும் சேர்வதால், அவர்களைக் கவனிக்கப் பள்ளிக்கும் காரணம் இருக்கிறது.

உயர்நிலைப் பள்ளியும் நீதிமன்றமும்

உயர்நிலைப் பள்ளியில் அடைவுக் கணக்கு வேறு. ஸ்டார் தேர்வுக்கு 40 விழுக்காடு, பள்ளிப் படிப்பை முடிப்போர் விகிதத்துக்கு 20. மீதி 40 விழுக்காடு, கல்லூரிக்கோ வேலைக்கோ ராணுவத்துக்கோ மாணவர் தயாராக இருக்கிறாரா என்பதற்கு. கல்லூரித் தரத்திலான ஏ.பி. தேர்வில் 3 வாங்கினாலும், கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி. தேர்வில் குறிப்பிட்ட மதிப்பெண் இருந்தாலும், உரிய தொழிற்பாடங்களோடு அங்கீகரிக்கப்பட்ட தொழில் சான்றிதழ் இருந்தாலும் தயார் என்று கணக்கு. தயார்நிலையும் படிப்பை முடிக்கும் விகிதமும் முந்தைய ஆண்டு வெளியேறிய மாணவர்களுடையவை. ஆக, உயர்நிலைப் பள்ளியின் எழுத்தில் கணிசமான பகுதி இப்போது வகுப்பில் இருக்கும் பிள்ளைகளைப் பற்றியதே அல்ல.

ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிடும்போது மிகவும் கவனமாக இருங்கள். 2020இலும் 2021இலும் கோவிட் காரணமாக எழுத்தே இல்லை. 2022இல் 70க்குக் கீழே எடுத்த பள்ளிகளுக்கு எழுத்துத் தரவில்லை. 2023இல் விதிகளை மாற்றியமைத்தார்கள். தயார்நிலையில் ஏ வாங்குவதற்கான வரம்பு 60இலிருந்து 88க்கு ஒரேயடியாக ஏறியது. ஏற்கெனவே படித்து முடித்த மாணவர்களுக்குப் புது வரம்பா என்று பல மாவட்டங்கள் வழக்குத் தொடுத்தன. நீதிமன்றம் வெளியீட்டை நிறுத்தி வைத்தது. மேல்முறையீட்டுத் தீர்ப்புக்குப் பிறகு 2023ஆம் ஆண்டு மதிப்பீடு 2025 ஏப்ரலில்தான் வெளிவந்தது. வேறொரு வழக்கில் நின்றிருந்த 2024ஆம் ஆண்டு மதிப்பீடு, 2025ஆம் ஆண்டினதோடு சேர்ந்து அந்த ஆகஸ்டில் வந்தது. 2022இல் ஏ, 2023இல் பி என்றிருந்தால் பள்ளி சரிந்துவிட்டது என்று பொருளல்ல, அளவுகோல் மாறியிருக்கிறது. அடுத்த மாற்றமும் வரப்போகிறது. 2025இல் நிறைவேறிய சட்டப்படி, 2027-28 கல்வியாண்டு முதல் ஸ்டார் தேர்வுக்குப் பதிலாக ஆண்டின் தொடக்கம், நடு, இறுதி என்று மூன்று சிறிய தேர்வுகள் நடக்கும்.

எஃப் வாங்கினால் என்ன ஆகும்? ஒரு பள்ளி தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் தேறாமல் போனால், மாநிலக் கல்வி ஆணையர் அந்தப் பள்ளியை மூட வேண்டும், அல்லது மாவட்டம் முழுவதையும் தான் நியமிக்கும் நிர்வாகக் குழுவிடம் ஒப்படைக்க வேண்டும். 2015ஆம் ஆண்டுச் சட்டம் இது. மாநிலத்தின் மிகப் பெரிய மாவட்டமான ஹூஸ்டன் இப்படித்தான் 2023 ஜூன் மாதம் மாநிலத்தின் கைக்குப் போனது. வழிவகுத்தது வீட்லி என்ற ஒரே உயர்நிலைப் பள்ளியின் மதிப்பீடு. மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த குழு அதிகாரம் இழந்தது. அதன் பிறகு தேர்வு முடிவுகள் உயர்ந்தன. 2025இல் அங்கே எஃப் வாங்கிய பள்ளி ஒன்றுகூட இல்லை. அதே காலத்தில் ஏராளமான ஆசிரியர்களும் மாணவர்களும் மாவட்டத்தை விட்டுப் போனார்கள். தேர்வு எண் உயர்ந்ததை மட்டும் வைத்து அந்த நடவடிக்கை வெற்றி என்று எழுத எனக்குக் கை வரவில்லை. தாங்கள் தேர்ந்தெடுத்தவர்களிடம் கேள்வி கேட்கும் உரிமையை அந்தப் பெற்றோர் இழந்ததும் கணக்கில் வர வேண்டும்.

எதைத் திறந்து பார்ப்பது?

மாநிலக் கல்வி முகமையின் பள்ளித் தேடல் இணையதளத்தில் பள்ளியின் பெயரைக் கொடுத்தால் எழுத்தும் மூன்று பகுதி எண்களும் வரும். அங்கேயே நின்றுவிடாமல் ஆண்டுதோறும் வெளியாகும் கல்விச் செயல்பாட்டு அறிக்கையைத் திறங்கள். ஆசிரியர்களின் அனுபவ ஆண்டுகள், ஒரு வகுப்பில் எத்தனை பிள்ளைகள், மாணவர் வருகை எல்லாம் அதில் உண்டு. ஆண்டுக்கு எத்தனை விழுக்காடு ஆசிரியர்கள் வெளியேறுகிறார்கள் என்பது மாவட்ட அறிக்கையில் இருக்கும். அந்த வரியை விடாமல் பாருங்கள். பள்ளி நிர்வாகம் எப்படி இருக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல தடயம் இந்தப் பட்டியலில் இல்லை. சில கட்டங்களில் எண்ணுக்குப் பதில் நட்சத்திரக் குறி இருக்கும். பிள்ளைகள் மிகச் சிலரே என்றால் யார் என்று அடையாளம் தெரிந்துவிடும் என்பதற்காக மறைக்கிறார்கள்.

மாவட்டத்தின் எழுத்தை வைத்து வீடு வாங்காதீர்கள். அது பள்ளிகளின் மதிப்பெண்களை மாணவர் எண்ணிக்கைக்கேற்பக் கூட்டி எடுத்த சராசரி. மாவட்டம் பி வாங்கியிருக்க, உங்கள் முகவரிக்குரிய பள்ளி டி வாங்கியிருக்கலாம். வேகமாக வளரும் புறநகர்களில் பள்ளி எல்லையையே அடிக்கடி மாற்றி வரைவதும் உண்டு. வீடு விற்கும் இணையதளங்களில் காணும் பத்துக்கு எட்டு, பத்துக்கு ஒன்பது என்ற எண்கள் அரசின் மதிப்பீடு அல்ல. ‘கிரேட்ஸ்கூல்ஸ்’ என்ற தனியார் லாபநோக்கற்ற அமைப்பு தருபவை.

உங்களுக்கு உள்ள உரிமைகள்

உங்கள் பிள்ளையின் தேர்வு முடிவை மாநிலத்தின் குடும்ப இணையதளத்தில், பள்ளி தரும் அணுகல் குறியீட்டைக் கொண்டு நீங்களே பார்க்கலாம். எந்த நிலை, போன ஆண்டு எந்த நிலை என்பதெல்லாம் அங்கே இருக்கும். பிள்ளை தேறவில்லை என்றால், முடிவைப் பொறுத்துப் பாடத்துக்கு 15 அல்லது 30 மணி நேரக் கூடுதல் பயிற்சியைப் பள்ளி தர வேண்டும். ஓர் ஆசிரியருக்கு நான்கு பிள்ளைகள் வரை என்பது பொதுவிதி. அதை மீறப் பெற்றோரின் சம்மதம் வேண்டும். பள்ளி தானாகச் சொல்லவில்லை என்றால் கேளுங்கள்.

அடைவு, முன்னேற்றம் இரண்டிலும் எஃப் வாங்கிய பள்ளிகளின் பட்டியல் ஒன்று தனியாக உண்டு. அதில் உங்கள் பள்ளி இருந்தால் பிப்ரவரி 1க்குள் உங்களுக்குத் தகவல் வர வேண்டும். வேறு பள்ளிக்கோ வேறு மாவட்டத்துக்கோ மாற்றம் கேட்கலாம். ஆனால் வேறு மாவட்டம் ஏற்றுக்கொண்டே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

செயல்பாட்டு அறிக்கை கைக்கு வந்த 90 நாட்களுக்குள் அறங்காவலர் குழு பொது விசாரணைக் கூட்டம் நடத்தி அதை மக்கள் முன் விவாதிக்க வேண்டும். பெரும்பாலும் குளிர்காலத்தில் நடக்கும். எச்-1பி விசாவில் இருப்பவருக்கு ஓட்டு இல்லை. பேசுவதற்குக் குடியுரிமை தேவையில்லை. நிகழ்ச்சி நிரலில் உள்ள எந்தப் பொருளைப் பற்றியும் பொதுமக்களில் எவரும் பேசலாம் என்று 2019ஆம் ஆண்டின் மாநிலச் சட்டம் சொல்கிறது. நேர வரம்பு வைக்கலாம்; பேசவிடாமல் தடுக்க முடியாது. ஆங்கிலத்தில் பேசத் தயங்குகிற தாயோ தாத்தாவோ மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு தமிழில் பேசலாம். உடனுக்குடன் மொழிபெயர்க்கும் கருவி அங்கே இல்லாவிட்டால், மற்றவர்களுக்குத் தரும் நேரத்தைப் போல் குறைந்தது இரு மடங்கு அவர்களுக்குத் தர வேண்டும். நிகழ்ச்சி நிரல் மாவட்டத்தின் இணையதளத்தில் முன்கூட்டியே வந்துவிடும். பேச விரும்புகிறவர்கள் பெயர் பதிவு செய்யும் முறையும் அங்கேயே இருக்கும்.