11 மணி ஜெபம்

குடும்ப நல ஆலோசனைக்கு என்னிடம் வருகிறவர்களில், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்கவைக்கும் கிறிஸ்தவக் குடும்பங்களும் உண்டு. பெரும்பாலும் வந்து உட்காருவது அம்மாதான். முதலில் சொல்வதும் ஏறத்தாழ ஒன்றேதான்: "காலையில நல்லா ஜெபிச்சிட்டுத்தான் மேடம் ஆரம்பிச்சேன்."

அது உண்மையாகத்தான் இருக்கும். விடியற்காலை 5 மணிக்கு எழுந்து, வேதம் வாசித்து, முழங்காலில் நின்று, நிறைந்த மனதோடு எழுந்தவர்தான் 11 மணிக்குப் பின்னக் கணக்கில் வெடிக்கிறார். கத்தியது கூட இரண்டாம் பட்சம். ஜெபித்த பிறகும் கத்திவிட்டோமே என்பதுதான் அவரை அரிக்கிறது.

ஒரு வீட்டைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாமலிருக்கப் பல வீடுகளின் விவரங்களைக் கலந்திருக்கிறேன். மூத்தவனுக்குப் 10 வயது, இளையவளுக்கு 3. அன்று பையனுக்கு முக்காலோடு அரையைக் கூட்ட வரவில்லை. மூன்றாம் முறை சொல்லிக்கொடுக்கும்போது அடுப்பில் பால் பொங்கியது. அதை அணைக்கப் போன நேரத்தில் சின்னவள் அண்ணன் நோட்டில் தண்ணீரைக் கொட்டினாள். ஹாலிலிருந்து மாமியார், "பேசாம ஸ்கூலுக்கு அனுப்பியிருக்கலாம்" என்றார். அம்மா கத்தினார். நோட்டு பறந்தது. அப்புறம் குற்ற உணர்வு தாங்காமல் பையனை இழுத்து உட்காரவைத்து, கண்களை மூடி, "ஆண்டவரே, இவனுக்குக் கீழ்ப்படிகிற மனசைத் தாரும், சோம்பலை எடுத்துப் போடும்" என்று ஜெபித்தார். ஆமென் சொன்னதும் பையன் கேட்டான்: "அம்மா, ஜெபத்துலயும் என்னைத்தான் திட்டுவீங்களா?"

இதைச் சொல்லும்போது அவர் சிரித்தார், அழவும் செய்தார்.

பிள்ளை காதில் விழட்டும் என்று செய்கிற ஜெபம் ஜெபமல்ல, கண்ணை மூடிக்கொண்டு செய்கிற கண்டிப்பு. நம் வீடுகளில் இது நிறைய நடக்கிறது. குடும்ப ஜெபத்தில் கணவருக்குச் சொல்ல வேண்டியதையும் கடவுள் வழியாகச் சொல்லியனுப்புகிற ஆட்கள் நாம்! திட்ட வேண்டுமென்றால் நேரில் திட்டிவிடுங்கள். கெட்ட நாளில் முதலில் ஜெபம் தேவைப்படுவது பிள்ளைக்கல்ல, உங்களுக்கு. அது சத்தமில்லாததாக, சின்னதாக இருந்தால் போதும்.

நெகேமியாவை நினைத்துக்கொள்ளுங்கள். ராஜாவின் பானபாத்திரக்காரன். நீ கேட்கிற காரியம் என்ன என்று ராஜா கேட்கிறார். அந்தக் கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் நெகேமியா பரலோகத்தின் தேவனை நோக்கி ஜெபம்பண்ணினான் என்று வேதம் சொல்கிறது. ராஜாவைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு அறைக்குள் போயிருக்க முடியாது. ஒரு மூச்சு நேரம்தான் கிடைத்திருக்கும். பையன் தப்பாகக் கூட்டியதற்கும் நீங்கள் வாயைத் திறப்பதற்கும் நடுவே இருப்பதும் அவ்வளவு நேரம்தான்.

மூச்சு என்று சும்மா சொல்லவில்லை. 2001இல் இத்தாலிய ஆய்வாளர்கள் 23 பேரை லத்தீனில் ஜெபமாலை சொல்லவைத்து மூச்சை அளந்தார்கள். நிமிடத்துக்கு ஏறத்தாழ 6 மூச்சாக அது இறங்கியது. இரத்த அழுத்தத்தைச் சீராக வைக்கும் உடலின் அனிச்சைச் செயலும் மேம்பட்டது. அதே ஆய்வில் ஒரு பௌத்த மந்திரத்துக்கும் இதே பலன் கிடைத்தது. ஆகவே இதை வைத்து யாரும் பிரசங்கம் தயாரிக்க வேண்டாம். நான் எடுத்துக்கொள்வது இவ்வளவே: நிதானமாகச் சொல்கிற சிறு ஜெபம் மூச்சை நீட்டுகிறது, மூச்சு நீண்டால் படபடப்பு இறங்குகிறது. "கர்த்தர் என் மேய்ப்பர்" என்று மூச்சை இழுத்து, "நான் தாழ்ச்சியடையேன்" என்று மெதுவாக விடுங்கள். ஐந்தாறு முறை. ஒரு நிமிடம் ஆகும். உடலைப் படைத்தவருக்கு இதெல்லாம் தெரியாமலா இருக்கும்?

131ஆம் சங்கீதம் மூன்றே வசனம். தன் ஆத்துமா பால்மறந்த குழந்தையைப்போல அமர்ந்திருப்பதாகத் தாவீது பாடுகிறார். படிக்க இதமாக இருக்கிறது. ஆனால் பால் மறக்கடித்த அம்மாக்களுக்கு மீதிக் கதை தெரியும். வேப்பெண்ணெய் தடவுவார்கள், பாட்டி வீட்டில் கொண்டுபோய் விடுவார்கள். குழந்தை சில இரவுகள் ஊரைக் கூட்டி அழும். அந்த அழுகையெல்லாம் முடிந்த பிறகு வருகிற அமைதிதான் அந்த சங்கீதத்தில் இருப்பது. ஜெபித்த மறுநொடியே மனம் அடங்கவில்லை என்று என்னிடம் வருத்தப்படுகிறவர்களிடம் இதைத்தான் கேட்பேன்: உங்கள் பிள்ளை எத்தனை நாளில் மறந்தது?

இன்னொரு அம்மாவும் உண்டு. சூசன்னா வெஸ்லி, இங்கிலாந்தில் எப்வொர்த் ஊர்ப் போதகரின் மனைவி, மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் தாய். 19 பிள்ளைகள் பெற்றார். பாதிக்குப் பாதி சிறுவயதிலேயே இறந்துபோயின. 1705இல் கணவர் கடனுக்காகச் சிறைக்குப் போனார். 1709இல் வீடு எரிந்தது. பிள்ளைகளுக்கு வீட்டில் பாடம் நடத்தியது அவர்தான். தனியறை இல்லாததால் ஏப்ரனைத் தலைக்குமேல் போட்டுக்கொண்டு ஜெபிப்பார், அப்போது பிள்ளைகள் தொந்தரவு செய்ய மாட்டார்கள் என்று ஒரு கதை வழிவழியாகச் சொல்லப்படுகிறது. எனக்கு அதைவிடப் பிடித்தது அவருடைய கடிதத்தில் இருக்கும் வாராந்தர ஏற்பாடு: திங்கள் மாலை மோலியோடு பேச்சு, செவ்வாய் ஹெட்டி, வியாழன் ஜான் என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி நேரம். ஆனால் அவரை அளவுகோலாக வைத்து உங்களை அடித்துக்கொள்ளாதீர்கள். அவர் வளர்ப்பு முறையின் கண்டிப்பு இன்றைக்கு நமக்கு ஒத்துவராது.

பள்ளிக்குப் போகாத பிள்ளைக்கு சர்டிஃபிகேட் கிடைக்குமா என்ற பயத்தையும் சொல்லிவிடுகிறேன், இரவுத் தூக்கத்தைக் கெடுப்பது பெரும்பாலும் அதுதான். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் வீட்டுக் கல்வியைப் பற்றித் தனியாக எதுவும் பேசவில்லை. என்ஐஓஎஸ் எனப்படும் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் 14 வயது நிறைந்தால் பத்தாம் வகுப்புக்குப் பதியலாம். பதிவு 5 ஆண்டுக்குச் செல்லும், அதற்குள் 9 முறை தேர்வெழுத வாய்ப்புண்டு. 10 வயதுப் பையனின் பின்னக் கணக்கு இன்றைக்கு வராததால் எதுவும் முழுகிவிடாது. விவரத்தைத் தெரிந்துகொண்டாலே தீர்கிற பயத்துக்காக உபவாசம் இருக்க வேண்டியதில்லை.

வேதத்தில் வரும் எலியா தீர்க்கதரிசியின் கதையையும் நான் அடிக்கடி எடுப்பேன். சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்கிறான். தேவதூதன் உபதேசம் எதுவும் செய்யவில்லை. தூங்கவிட்டு, எழுப்பி, சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்து, மறுபடி தூங்கவிட்டு, மறுபடி சாப்பாடு. கடவுள் அவனோடு பேசிய மெல்லிய சத்தமெல்லாம் அதற்குப் பிறகுதான். இரவு 12 மணிக்குப் படுத்து 5 மணிக்கு எழுகிற அம்மாவிடம் நான் சொல்வது, வாரத்தில் இரண்டு நாளாவது அந்த 5 மணி ஜெபத்தைத் தூங்கி ஜெபியுங்கள் என்பது. ஒரு போதகர் இதற்காக என்மேல் வருத்தப்பட்டார். பரவாயில்லை.

இரண்டு வாரமாக ஏறத்தாழ ஒவ்வொரு நாளும் மனம் கனத்தே இருந்தால், எதிலும் பிடிப்பில்லாமல் போனால், தூக்கமும் பசியும் மாறினால், எலியாவைப் போலச் செத்துவிடலாம் என்று தோன்றினால், விசுவாசம் குறைந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்கு எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலும் பேசலாம். மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே ஜெபிக்கிறவர்கள் என்னிடம் நிறையப் பேர் உண்டு.

பின்னக் கணக்கில் கத்திய அந்த அம்மா மூன்று மாதம் கழித்து வந்தார். கத்துவது நின்றுவிட்டதா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கோபம் ஏறும்போது எழுந்துபோய் அடுப்படி ஜன்னலோரம் நின்று துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொள்கிறாராம். அது ஜெபமா, பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பதா என்று சில நாள் தனக்கே தெரியவில்லை என்றார். போன வாரம் அப்படி நின்றபோது சின்னவள் பின்னால் வந்து இழுத்திருக்கிறாள். பையன் அவளைக் கையைப் பிடித்து நகர்த்திக்கொண்டு போய்க் காதில் சொன்னானாம்: "ஒரு நிமிஷம் இருடி, அம்மா வந்துருவாங்க."