டார்வின் பக்கம் காட்டுக்குப் போகிறவர்களுக்கு: பாம்பு கடித்தால் நடக்காதீர்கள்

வட ஆஸ்திரேலியாவில், டார்வினில் அவசர சிகிச்சைப் பிரிவில் செவிலியராக வேலை பார்க்கிறேன். மழைக்காலம் முடிந்து மே மாதம் பிறந்தால் போதும், லிட்ச்ஃபீல்டு, ககாடு தேசியப் பூங்காக்கள் என்று நம் ஆட்கள் குழந்தை குட்டிகளோடு கிளம்பிவிடுவார்கள்.

அப்படிப் போன ஒரு தம்பியைச் சில வருடங்களுக்கு முன் எங்களிடம் கொண்டுவந்தார்கள். கணுக்காலில் கடி. கூட இருந்தவர்கள் முழங்காலுக்குக் கீழே துப்பட்டாவை இறுக்கிக் கட்டி, கடிவாயைக் கழுவி, கார் நிறுத்திய இடம்வரை அவரை நடத்தியே கூட்டிவந்திருக்கிறார்கள். ஊரில் பார்த்ததைப் பதற்றத்தில் செய்திருக்கிறார்கள், அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தம்பி பிழைத்துக்கொண்டார். ஆனால் செய்த மூன்றுமே தவறு.

இங்குள்ள கொடிய பாம்புகளின் விஷம் பெரும்பாலும் நிணநீர் (திசுக்களிலிருந்து வடியும் தெளிந்த திரவம்) வழியாகத்தான் உடலுக்குள் ஏறுகிறது, தசை அசைய அசைய அது வேகமாக நகரும். அதனால் கடிபட்டவரை அந்த இடத்திலேயே படுக்க வையுங்கள். 10 முதல் 15 சென்டிமீட்டர் அகலமுள்ள எலாஸ்டிக் பேண்டேஜை முதலில் கடிவாய்மேல் சுற்றி, அப்புறம் இன்னொன்றை விரல்களிலிருந்து ஆரம்பித்துத் தொடைவரை, சுளுக்குக்குக் கட்டுகிற அளவு அழுத்தமாகச் சுற்றுங்கள். பிறகு ஒரு குச்சியைச் சேர்த்துக் கட்டிக் காலை அசையாமல் வையுங்கள். கழுவ வேண்டாம், எந்தப் பாம்பின் விஷம் என்று அறியத் தோலில் ஒட்டியிருப்பது உதவலாம். சுற்றிய பேண்டேஜை ஆஸ்பத்திரியில்தான் அவிழ்க்க வேண்டும்.

நம் ஊரில் கண்ணாடி விரியன் கடித்தால் கடித்த இடமே வீங்கிச் சதை கெட்டுப்போகும், அதனால் அதற்கு இப்படி அழுத்திக் கட்டச் சொல்வதில்லை. இங்கே கதை வேறு. பழுப்புப் பாம்பு கடித்தால் வலியோ வீக்கமோ இல்லாமலே இருக்கலாம், பல் பட்ட தடம்கூடச் சரியாகத் தெரியாது, ஆனால் உள்ளே ரத்தம் உறையும் தன்மையை இழந்துகொண்டிருக்கும். 'ஒன்றும் செய்யவில்லையே, பார்த்துக்கொள்ளலாம்' என்று உட்கார்ந்திருக்காதீர்கள், உடனே 000-க்கு அழையுங்கள்.

முதலைக்கு எச்சரிக்கைப் பலகைகள் இருக்கின்றன. 1971-ல் சட்டப் பாதுகாப்புக் கொடுத்த பிறகு உப்புநீர் முதலைகள் பெருகிவிட்டன. உப்புநீர் முதலை என்று பெயரே தவிர நன்னீர் ஆற்றிலும் கிடக்கும், கரையிலிருந்து 5 மீட்டராவது தள்ளியே நில்லுங்கள். மீன் கழுவக்கூட இறங்க வேண்டாம்.

பேண்டேஜை காரில் வைத்துவிட்டுப் போகாதீர்கள், தோள்பையில் இருக்கட்டும். அந்தத் தம்பியின் காரில் முதலுதவிப் பெட்டி இருந்தது, கார்தான் அரை மணி நேர நடைத் தூரத்தில் நின்றது.